நாவலின் குரலைத் திரைப்படம் என்ன செய்கிறது?

ஸ்பானிய மொழியின் நவீன நாவல்கள் படமாகும்போது கதை பெரும்பாலும் தப்பிவிடுகிறது; தொலைந்துபோவது அதைச் சொல்லும் குரல்தான். அந்தக் குரலைப் பின்னணிப் பேச்சாக ஒலிக்கவிடும் படங்களைவிட, அதைத் துணிந்து கைவிட்டு, திரைக்கே உரிய வேறொன்றை அதன் இடத்தில் வைக்கும் படங்களே மூலத்துக்கு நெருக்கமானவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அர்ஜென்டினா எழுத்தாளர் அந்தோனியோ தி பெனெதெத்தோவின் ‘ஸாமா’ 1956இல் வெளிவந்தது. காலனிய காலத்து அசுன்சியோன் நகரில் (இன்றைய பராகுவேயின் தலைநகர்) இடமாற்ற உத்தரவுக்காகக் காத்துக் காத்தே சிதைந்துபோகும் ஓர் அதிகாரி, தன் வீழ்ச்சியைத் தானே சொல்லிச் செல்லும் நாவல் அது. 1790, 1794, 1799 என்ற ஆண்டுகளே அதன் மூன்று பகுதிகளுக்கும் தலைப்பு. லுக்ரேசியா மார்தெல் 2017இல் எடுத்த படத்தில் அந்தத் தன்னிலை விவரிப்பு இல்லை. அதற்குப் பதிலாக, எவ்வளவு நேரம் கேட்டாலும் கீழே இறங்கிக்கொண்டே இருப்பதாகக் காதை ஏமாற்றும் ஷெப்பர்டு தொனி எழுந்து, எதிரே பேசுபவரின் சொற்களை மூழ்கடிக்கிறது. அவனுடைய விதியை ஆளுநர் அறிவிக்கும் காட்சியில் ஒட்டக இனத்தைச் சேர்ந்த லாமா என்ற விலங்கு ஒன்று அறைக்குள் நுழைந்து அவனுக்குப் பின்னால் உலவுகிறது. நாவலில் அவன் பக்கம் பக்கமாக மறைக்க முயலும் அவமானத்தை, ஒரு சொல்லும் இல்லாமல் அந்த விலங்கு நம் முன் நிறுத்திவிடுகிறது.

ஸ்பெயினின் மிகேல் தெலிபெஸ் 1981இல் எழுதிய ‘லோஸ் சாந்தோஸ் இனோசென்தெஸ்’ இதைவிடக் கடினமான சவால். எக்ஸ்த்ரெமதூரா பகுதியின் பெரும்பண்ணை ஒன்றில் அடிமைகளைப் போல வாழும் குடும்பத்தின் கதையை, ஒவ்வோர் அத்தியாயத்திலும் இறுதிவரை முற்றுப்புள்ளியே வைக்காமல், பேச்சும் விவரிப்பும் ஒன்றோடொன்று கலந்தோடும் நடையில் அவர் எழுதினார். இந்த நடைக்குத் திரையில் நேரான மாற்று கிடையாது. 1984இல் இதைப் படமாக்கிய மரியோ காமுஸ் அதைத் தேடவும் இல்லை. மாறாக, பண்ணையை விட்டு வெளியேறிய மகனையும் மகளையும் பிற்காலத்தில் காட்டி, அங்கிருந்து கதையைத் திரும்பிப் பார்க்க வைத்தார். நாவலில் இல்லாத இந்த எதிர்காலம், அடுத்த தலைமுறையாவது தப்பியது என்ற செய்தியால் பெற்றோரின் பணிவை இன்னும் தாங்கமுடியாததாக்குகிறது. குடும்பத் தலைவர் பாகோவாக நடித்த அல்ஃப்ரெதோ லந்தாவும் அவருடைய மைத்துனர் அசாரியாஸாக நடித்த ஃபிரான்சிஸ்கோ ரபாலும் அவ்வாண்டு கான் விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டது முற்றிலும் நியாயமானது.

இந்த இரண்டையும் பார்த்த கண்ணுக்கு, ஒளிப்பதிவாளர் ரோட்ரிகோ பிரியேதோ 2024இல் நெட்ஃபிளிக்ஸுக்காக இயக்கிய ‘பெட்ரோ பராமோ’ அழகான படமாகவும் அளவுக்கு மீறிப் பணிந்த படமாகவும் தெரிகிறது. அதன் மூலமான, மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவின் 1955ஆம் ஆண்டு நாவலில் கொமாலா ஊரே முணுமுணுப்புகளால் ஆனது. பேசுவது உயிருள்ளவரா இறந்தவரா என்பது பல பக்கங்கள் கழித்தே தெரியும். படமோ ஒவ்வொரு குரலுக்கும் முகமும் உடையும் வெளிச்சமும் தந்துவிடுகிறது. நாவலின் வசனங்களைப் பெரும்பாலும் காப்பாற்றிய பிரியேதோ, சில நிமிடங்களாவது திரையை இருட்டாக விட்டு அந்தக் குரல்களை மட்டும் கேட்கவைத்திருக்கலாம்.