ஒரு வைஃபைக்காக ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மூணு தடவ

நேத்து ராத்திரி 11 மணிக்கு தான் வைஃபை கனெக்ட் ஆச்சு. லேப்டாப் வாங்கி 23 நாள் ஆகுது. நடுவுல ஒரு கார்டு, ஒரு அடாப்டர்னு 1100 ரூவா தண்டம், தாம்பரத்துல இருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு (சென்னையில எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற தெரு) மூணு தடவ அலைச்சல் வேற. சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன், இதே குழியில விழப்போற யாருக்காவது உதவும்.

லேப்டாப் செகண்ட் ஹேண்ட், 2012 மாடல், மூணாவது ஜெனரேஷன் ஐ5. பழசா பாத்து தான் எடுத்தேன், ஏன்னா அந்த காலத்து இன்டெல் கிராஃபிக்ஸ் தனியா ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ள ஏத்தற குட்டி மென்பொருள்) கேக்காது. டிரிஸ்குவெல் 11 (முழுக்க சுதந்திர மென்பொருள், அதாவது யாரும் சோர்ஸ் கோட பாத்து மாத்திக்கக்கூடிய மென்பொருள் மட்டுமே இருக்கற லினக்ஸ்) போட்டேன், அரை மணி நேரத்துல முடிஞ்சிருச்சு, டிஸ்ப்ளே, சவுண்ட், டச்பேட் எல்லாம் ஓகே. வைஃபை மட்டும் மெனுலயே இல்ல.

இது நான் எதிர்பாத்தது தான், ஆனா இவ்ளோ படுத்தும்னு நினைக்கல. டிரிஸ்குவெல்ல இருக்கறது லினக்ஸ்-லிப்ரே கர்னல் (கர்னல்னா சிஸ்டத்தோட மையப்பகுதி), சோர்ஸ் இல்லாத ஃபர்ம்வேர் எதையும் லோட் பண்ண விடாது. டெர்மினல்ல கர்னல் லாக்க எடுத்து பாத்தா, ஃபர்ம்வேர் ஃபைல் பேர் வர வேண்டிய எடத்துல கமென்ட் மாதிரி ஸ்டார் எல்லாம் போட்டு கேப்பிடல் லெட்டர்ல 'டீபிளாப்டு'ன்னு நிக்குது, சோர்ஸ் இல்லாதத எடுத்தாச்சுன்னு அர்த்தம். அத பாத்தீங்கன்னா டிரைவர மாத்தறேன், ரீ-இன்ஸ்டால் பண்றேன்னு டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. அந்த சிப் இந்த கர்னல்ல ஓடாது, அவ்ளோ தான்.

"டெபியன் போட்டுட்டு போக வேண்டியது தானடா"ன்னு ஆஃபீஸ்ல எல்லாரும் சொன்னாங்க. நியாயம் தான். 2022ல டெபியன்காரங்க (அதுவும் ஒரு லினக்ஸ் தான்) ஓட்டு போட்டு முடிவு பண்ணி, 2023 ஜூன்ல வந்த டெபியன் 12ல இருந்து அந்த ஃபர்ம்வேர் எல்லாம் இன்ஸ்டாலர்லயே வந்துருது. வைஃபை ஓடினா போதும்னா தயவுசெஞ்சு அத போட்டுக்கோங்க, இத படிக்கவே வேணாம். எனக்கு ஒரு மெஷினாவது முழுசா சுதந்திர மென்பொருள்ல ஓடணும்னு வீம்பு. வீம்புக்கு விலை 1100 ரூவா.

மொதல்ல புத்திசாலித்தனமா பண்றதா நினைச்சு உள்ள இருக்கற வைஃபை கார்டையே மாத்திடலாம்னு ஆத்தெரோஸ் கம்பெனி சிப் வச்ச கார்டு ஒண்ணு ஆன்லைன்ல 350க்கு வாங்கினேன். ஏஆர்9285, ஏடிஎச்9கே டிரைவர்ல ஓடறது, ஃபர்ம்வேரே தேவையில்ல. பின்பக்க மூடிய கழட்டி, ரெண்டு ஆன்டெனா வயரையும் நகத்தால நெம்பி மாட்டி (அந்த பொட்டு சைஸ் கனெக்டர் உக்கார்றதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துருச்சு) ஆன் பண்ணா, கருப்பு ஸ்கிரீன்ல "அனுமதி இல்லாத நெட்வொர்க் கார்டு இருக்கு, எடுத்துடு"ன்னு சொல்லிட்டு அப்டியே நிக்குது. பயாஸ்ல (மெஷின் ஆன் ஆனதும் மொதல்ல ஓடற மென்பொருள்) ஒயிட்லிஸ்ட்டாம், அந்த கம்பெனி லிஸ்ட்ல வச்சிருக்கற கார்டு தவிர வேற எத போட்டாலும் மெஷின் ஸ்டார்ட்டே ஆகாது. நம்ம காசு குடுத்து வாங்கின மெஷின்ல எந்த கார்டு போடலாம்னு அவங்க முடிவு பண்றாங்க! கார்டு வாங்கறதுக்கு முன்னாடி உங்க மாடல் பேரோட ஒயிட்லிஸ்ட்னு சேத்து தேடுங்க. நான் வாங்கினதுக்கு அப்புறம் தேடினேன்.

சரி யூஎஸ்பி அடாப்டர் வாங்கிடுவோம்னு சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். எல்லாரும் பரிந்துரைக்கற ஒரு மாடல் இருக்கு, அதுக்குள்ள ஏஆர்9271 சிப். இதுக்கு ஃபர்ம்வேர் வேணும் தான், ஆனா அதோட சோர்ஸ 2013லயே வெளிய விட்டுட்டாங்க, அதனால லிப்ரே கர்னல்லயும் ஓடும். கடையில கேட்டேன், அதே மாடல் நம்பர், அதே ஆன்டெனா, டப்பாவுல லினக்ஸ்னு வேற போட்டிருக்கு. "லினக்ஸ்ல ஓடும்ல தம்பி?"ன்னு கேட்டேன். "எல்லாத்துலயும் ஓடும் சார்"னான். 750 ரூவா.

வீட்டுக்கு வந்து குத்தினா மறுபடியும் டீபிளாப்டு. டப்பாவ திருப்பி பாத்தா சீரியல் நம்பர் பக்கத்துல எறும்பு சைஸ்ல வெர்ஷன் 3ன்னு இருக்கு. மொத வெர்ஷன்ல தான் அந்த நல்ல சிப்பாம், ரெண்டாவதுல இருந்து உள்ள வேற கம்பெனி சிப்ப வச்சிட்டு மாடல் நம்பர மட்டும் மாத்தாம விட்டுட்டாங்க. டப்பாவுல இருந்த லினக்ஸ்ங்கறதும் ஏதோ 2.6 காலத்து கர்னலுக்கு.

மறுநாளே திருப்பி குடுத்துடலாம்னு கிளம்பி போனேன். ஞாயித்துக்கிழமை. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு. முக்காவாசி ஷட்டர் இறங்கி கிடக்கு, ஒரு டீய குடிச்சிட்டு திரும்பி வந்தேன். சென்னையிலயே பொறந்து வளந்தவன் பண்ற வேலையா இது.

அந்த வாரம் முழுக்க போன்ல யூஎஸ்பி டெதரிங் (போன் நெட்ட கேபிள் வழியா லேப்டாப்புக்கு எடுக்கறது) போட்டு தான் ஓட்டினேன், அதுக்கு எந்த ஃபர்ம்வேரும் வேணாம், இன்ஸ்டால் பண்றப்பவும் இதே வழி கை குடுக்கும். ராத்திரில எச்-நோட் சைட்ல உக்காந்து படிச்சேன், எந்த ஹார்டுவேர் டிரிஸ்குவெல் மாதிரி முழு சுதந்திர லினக்ஸ்ல ஓடுதுன்னு ஜனங்க டெஸ்ட் பண்ணி போட்டு வச்சிருப்பாங்க. அதுல பொருளோட பேர விட சிப்போட ஐடி தான் முக்கியம். ஏஆர்9271க்கு 0சிஎஃப்3, கோலன், 9271. கையில எழுதிக்கிட்டேன்.

மூணாவது தடவ லேப்டாப்பையும் தூக்கிட்டு போனேன். மொத கடையில "டப்பா பிரிச்சிட்டீங்க சார், எடுக்க மாட்டோம்", முடிஞ்சது. நாலு கடை தள்ளி ஒரு சந்துல வயசான அண்ணாச்சி ஒருத்தர், ஒரு அட்டைப்பெட்டி நிறைய பேர் ஊரு இல்லாத அடாப்டரா கொட்டி வச்சிருந்தாரு, எது எடுத்தாலும் 280. "ஒண்ணொண்ணா குத்தி பாத்து எடுத்துக்கட்டுமா அண்ணாச்சி"ன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு "கரன்ட்டு உன்னுது தான, பாத்துக்கோ"ன்னாரு. கவுன்ட்டர் ஓரத்துல லேப்டாப்ப வச்சிக்கிட்டு குத்தறது, யூஎஸ்பி லிஸ்ட்ட எடுத்து பாக்கறது, புடுங்கறது. மொத ரெண்டும் வேற சிப். மூணாவது குத்தினதும் 0சிஎஃப்3:9271! சந்துலயே கத்திட்டேன், அண்ணாச்சி ஷாக் அடிச்சிருச்சுன்னு நினைச்சி எந்திரிச்சிட்டாரு.

கதை அதோட முடியல. வீட்டுல நெட்வொர்க் பேரெல்லாம் காட்டுது, பாஸ்வேர்டு அடிச்சா கொஞ்ச நேரம் சுத்திட்டு மறுபடி பாஸ்வேர்டு கேக்குது. ரவுட்டர ரீசெட் பண்ணி, பாஸ்வேர்ட மாத்தி, வீட்டுல எல்லார் போன்லயும் புதுசு போட்டு குடுத்து திட்டு வாங்கினது தான் மிச்சம். கடைசில காரணம் நெட்வொர்க் மேனேஜர், லினக்ஸ்ல நெட் கனெக்ஷன பாத்துக்கற மென்பொருள். ஸ்கேன் பண்றப்ப மேக் அட்ரஸ (அடாப்டரோட அடையாள நம்பர்) மாத்தி மாத்தி காட்டும், பாதுகாப்புக்காம், சில யூஎஸ்பி அடாப்டருக்கு அது ஒத்துக்கல. நெட்வொர்க் மேனேஜரோட கான்ஃபிக் ஃபைல்ல டிவைஸ்னு ஒரு பகுதி போட்டு, ஸ்கேன் நேரத்து ரேண்டம் மேக் அட்ரஸுக்கு 'நோ'ன்னு ஒரு வரி சேத்து, சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணதும் கப்புனு ஒட்டிக்கிச்சு. அப்புறமும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ அறுந்துச்சு, நீல கலர் யூஎஸ்பி 3 போர்ட்ல இருந்து எடுத்து பழைய யூஎஸ்பி 2 போர்ட்ல குத்தினேன், இப்ப வரைக்கும் அறுகல.

குறை இல்லாம இல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தான், பேப்பர்ல 150 எம்பிபிஎஸ், நிஜத்துல அதுல பாதி கூட வராது. ப்ளூடூத்தும் கிடையாது, அதுவும் அந்த பழைய கார்டுலயே தான் இருக்கு, அதுக்கும் ஃபர்ம்வேர் வேணும். பழைய வயர் ஹெட்ஃபோன தேடி எடுத்துட்டேன்.

வெர்ஷன் 3 அடாப்டர மச்சானோட விண்டோஸ் மெஷினுக்கு குடுத்தேன், குத்தினதும் ஓடுது. "இதுக்கா ஒரு மாசமா பொலம்பின?"ன்னு கேக்கறான். அடுத்து பிரின்டர். அது இன்னும் கட்டிலுக்கு அடியில இருக்கு.