வண்டி ஓடாத நேரம்

காலையில் தன் பீட்டுக்கு, அதாவது தினமும் நடந்து பார்க்கவேண்டிய ரயில் பாதைத் துண்டுக்கு, கிளம்பும் கீமேனின் தோளில் என்னென்ன தொங்கும் என்று வண்டியில் போகிறவர்களுக்குத் தெரிய வழியில்லை. சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்து நேரத்தில் தண்டவாளத்தின் மேல் வைத்து, வெடிச் சத்தத்தால் டிரைவரை எச்சரித்து வண்டியை நிறுத்துகிற டெட்டனேட்டர்கள், தெறித்துப் போனவற்றுக்கு மாற்றாகக் கொஞ்சம் கிளிப். ஒரு கிலோமீட்டருக்கு 1,660 கான்கிரீட் ஸ்லீப்பர். ஒவ்வொன்றிலும் தண்டவாளத்தைப் பிடித்து வைக்க நாலு கிளிப். தளர்ந்த கிளிப்பைக் கண்ணாலும் காதாலும் கண்டுபிடித்து அடித்து ஏற்றிவிட்டுப் போவது அவர் வேலை. வெயிலிலும் மழையிலும் தினமும்.

அந்த மாதிரி ஆட்களோடுதான் என் சர்வீஸ் முழுவதும் போனது. தண்டவாளப் பாதையைப் பராமரிக்கும் பெர்மனன்ட் வே பிரிவில் இன்ஜினியராக, ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் சில வருடம், இரணியலுக்கும் பாறசாலைக்கும் நடுவில் பல வருடம். ஓய்வு பெற்ற பிறகு கல்யாண வீட்டில், சர்ச் வாசலில், டீக்கடையில் எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வி: "சாரே, புல்லட் ரயிலு நம்ம ஊருக்கு எப்பம் வரும்?"

எனக்கும் அந்த ஆசை உண்டு. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயிலே தாமதமாகத்தான் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு 1979இல், திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு 1981இல். அதற்கு முன் சென்னைக்குப் போக முதலில் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ் பிடிக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னை எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத் தொடங்கியபோது என் அக்கா மகன் சொன்னான், "காலையில அங்க ஏறுனா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திரலாம் மாமா." 700 கிலோமீட்டருக்கு மேல், சுமார் 9 மணி நேரம். பெரிய மாற்றம்தான். ஆனால் சராசரியைப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 80ஐ ஒட்டி நிற்கும். 160இல் ஓடுவதற்கென்று கட்டிய வண்டி அது. மீதிப் பாதி எங்கே போயிற்று என்பதற்குப் பதில் வண்டிக்குள் கிடைக்காது.

என்னோடு வேலை பார்த்த ஒரு கீமேன், கல்குளத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொன்னார்: "சாரே, வேகம் வண்டியிலயா இருக்கு? லைன்லல்லா இருக்கு." அவர் சொன்னதற்குக் கணக்கு போடக் கற்றுக்கொள்ளத்தான் எனக்குப் பல வருடம் ஆனது.

வளைவிலிருந்து தொடங்குகிறேன். வளைவை அளக்க நாங்கள் 20 மீட்டர் நீளத்துக்குத் தண்டவாளத்தில் நரம்பை இழுத்துப் பிடிப்போம். குளச்சலில் மீன்பிடிக்க வாங்கும் தங்கூஸ் நரம்புதான் எங்களுக்கும் வசதி. நரம்பின் நடுவுக்கும் தண்டவாளத்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்போம். அதுதான் வெர்சைன். 1,750 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 28, 29 மில்லிமீட்டர் வரும். சுமார் 437 மீட்டர் ஆரத்தில், அதாவது நாங்கள் 4 டிகிரி என்று சொல்லும் வளைவில், 114 வரும். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் உங்கள் பயண நேரம் இருக்கிறது.

வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்திப் போடுவோம். வண்டி வெளியே தள்ளப்படாமல் இருக்க. நம் அகலப் பாதையில் அந்த உயரம் 165 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதையும் முழுசாகக் கொடுத்து, வேகத்துக்குத் தேவையான உயரத்தில் 75 மில்லிமீட்டர் குறைந்தாலும் பயணியின் உடம்பு தாங்கும் என்று அதையும் சேர்த்துக்கொண்டாலும், அந்த 4 டிகிரி வளைவில் மணிக்கு 87க்கு மேல் போக முடியாது. 1,750 மீட்டர் ஆரத்தில் அதே கணக்கு 174 வரை தரும். இன்ஜின் எவ்வளவு சக்திவாய்ந்ததாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஜப்பான்காரர்கள் 1964இல் டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு முதல் ஷிங்கான்சென் பாதை போட்டபோது, குறைந்தபட்ச வளைவு ஆரத்தையே 2,500 மீட்டராக வைத்தார்கள். அதற்காக மலையைக் குடைந்தார்கள். இருக்கிற பாதையில் புது வண்டியை விடுவதும், வேகத்துக்காகப் பாதை போடுவதும் அடிப்படையிலேயே இரண்டு வேறு காரியங்கள்.

இன்னொரு சங்கடம், ஒரே பாதையில் எல்லாரும் ஓடுவது. விரைவு வண்டிக்காக வெளித் தண்டவாளத்தை நன்றாகத் தூக்கினால், அதே வளைவில் மெதுவாக ஏறி வரும் சரக்கு வண்டி உள் தண்டவாளத்தின் மேல் முழு எடையையும் சாய்த்துவிடும். உள் தண்டவாளத்தின் தலை நசுங்கும். சரக்கு வண்டிக்காகக் குறைத்தால் விரைவு வண்டி வெளித் தண்டவாளத்தைத் தேய்க்கும். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு உயரம் வைத்து, இரண்டு பக்கத் தேய்மானத்தையும் பார்த்துக்கொண்டிருந்ததுதான் என் வேலையின் பெரும்பகுதி. மும்பை–ஆமதாபாத் 508 கிலோமீட்டர் புல்லட் பாதையில் இந்தத் தொந்தரவே கிடையாது. அதில் சரக்கு வண்டி ஏறாது. நம் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையும் அல்ல, 1,435 மில்லிமீட்டர் பாதை. பெரும்பாலும் தூண்களின் மேல். தொடக்க மதிப்பீடு 1.08 லட்சம் கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 200 கோடியைத் தாண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம். பாதையைப் பராமரிக்க வண்டி ஓடாத நேரம் வேண்டும். அதற்கு எங்கள் பாஷையில் பிளாக் என்று பெயர். ஜல்லியை இறுக்கும் டேம்பிங் மெஷினை இறக்க, விரிசல் கண்ட தண்டவாளத்தை வெட்டி எடுத்து வேறு போட்டு வெல்டிங் வைக்க, வெயிலில் நீள முடியாமல் இறுகி நிற்கும் நீளமான தண்டவாளத்தின் இறுக்கத்தைத் தளர்த்த, எல்லாவற்றுக்கும் பிளாக். தளர்த்துவது ஏன் என்றால், தண்டவாளம் 30 டிகிரி சூடு கூடினால் கிலோமீட்டருக்கு 35 சென்டிமீட்டர் அளவுக்கு நீளப் பார்க்கும். கிளிப்பும் ஸ்லீப்பரும் ஜல்லியும் சேர்ந்து அதை நீளவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. பிடி தளர்ந்த இடத்தில் ஏப்ரல் வெயிலில் பாதை பாம்பு மாதிரி நெளிந்துவிடும். அப்படி நெளிந்ததை ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறேன். வண்டி வருவதற்கு முன்னால் ஒரு டிராக்மேன் பார்த்துவிட்டு, சிவப்புக் கொடியோடு ஓடினார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒற்றைப் பாதையில் இரண்டு மணி நேர பிளாக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அதற்காகக் காத்திருந்தவனுக்குத்தான் தெரியும். ஆட்கள் வந்து நிற்பார்கள், மெஷின் பக்கத்து ஸ்டேஷனில் நிற்கும், ஜல்லி இறக்கியாகிவிட்டது. முன்னால் போகவேண்டிய வண்டி தாமதம். அது போன பிறகுதான் பிளாக். ஆனால் பிளாக் முடிகிற நேரம் மாறாது, பின்னால் வரும் வண்டி நேரத்தோடு வருகிறதே. இரண்டு மணி நேரம் ஒன்றே காலாகும், சில நாள் முக்கால் மணி நேரமாகும். வேலை முடியாத இடத்துக்கு மணிக்கு 30க்கு மேல் போகக்கூடாது என்று காஷன், அதாவது வேகக் கட்டுப்பாடு, போட்டுவிட்டு வருவோம்.

ஷிங்கான்சென் பாதையில் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒரு பயணி வண்டியும் ஓடாது. தினமும். அந்த ஆறு மணி நேரம் முழுவதும் பராமரிப்பவர்களுக்கு. வேலை முடிந்தபின் பாதையில் ஏதாவது சாமான் விட்டுப் போயிருக்கிறதா என்று பார்க்கவே தனி வண்டி ஒன்று ஓட்டிப் பார்க்கிறார்கள். வேகத்தை வியக்கும் எல்லாருக்கும் நான் அந்த ராத்திரியைத்தான் காட்டுவேன். 60 வருடத்தில் வண்டி தடம் புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட அங்கே சாகவில்லை என்றால், அதில் அந்த ஆறு மணி நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்மூர் ஆட்களுக்கு இன்னொரு கணக்கையும் சொல்வேன். மணிக்கு 110இல் போகும் 10 கிலோமீட்டரை 160 ஆக்கினால் மிச்சமாவது ஒரு நிமிடம் 42 வினாடி. அதே 10 கிலோமீட்டர் காஷனில் 30இல் ஊர்ந்து போவதை 60 ஆக்கினால் மிச்சம் 10 நிமிடம். முதலாவதற்குப் புது சிக்னல், வேலி, வண்டிகள் மோதாமல் தானாக நிறுத்தும் கவச் மாதிரிப் பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் வேண்டும். இரண்டாவதற்கு வேண்டியது நல்ல பிளாக்கும் போதுமான ஆட்களும்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் மாவட்டத்து ரயிலைப் பற்றிப் பேச முடியாது. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே இங்கே கொட்டும். இரணியலைத் தாண்டிக் குழித்துறை வரை பாதை மேட்டை வெட்டிய கட்டிங்குகளுக்குள் போகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தாகச் செம்மண். தண்ணீர் குடித்த செம்மண் சத்தமில்லாமல் இறங்கும். 2021 நவம்பர் மழையில் இந்தப் பக்கம் மண் சரிந்து வண்டிகள் நின்றது பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி ராத்திரிகளில் லைட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் கட்டிங் முழுவதும் நடப்பார்கள். அடுத்த பீட் ஆளைச் சந்தித்து, பேட்ரோல் புத்தகத்தைக் கைமாற்றிவிட்டுத் திரும்பி நடப்பார்கள். மழைச் சத்தத்தில் வண்டி வரும் சத்தம் கேட்காது. ஒரு பேட்ரோல்காரரின் மனைவி என்னிடம் ஒரு நாள் சொன்னார்: "மழை பெய்யற அண்ணைக்கு நான் உறங்குகதில்ல சாரே. அவருக்க டார்ச்சு திரும்பி வாசல்ல தெரியதுவரை இருப்பேன்." மண் சரிவைக் கண்டுபிடிக்கும் கருவிகள் வரட்டும், மழை அளவையும் காற்றையும் அளந்து வண்டியைத் தானாகவே மெதுவாக்கும் ஏற்பாடு வரட்டும். முப்பந்தல் காற்றில் டிராலியில் போனவன் நான். ஆனி, ஆடியில் அது ஆளைத் தள்ளும். அதிவேகப் பாதை அந்தக் கணவாய் வழியாக வருமானால் காற்று மானிகள் இல்லாமல் முடியாது.

நிலம் இன்னும் கடினம். 2011 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கு மேல் ஆட்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஒரு ஊர் முடிந்து இன்னொரு ஊர் தொடங்குவதே தெரியாது. வீடு, அதைச் சுற்றித் தென்னை, பலா, அயனி, ரப்பர், அப்புறம் அடுத்த வீடு. திருவனந்தபுரம்–கன்னியாகுமரி 87 கிலோமீட்டர் இரட்டைப் பாதைக்கே நிலம் எடுப்பது எவ்வளவு நாள் இழுத்தது என்று பார்த்தோம். ஒரு வீட்டு முற்றத்தில் கல் போட்டிருந்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "மக்களே, அஞ்சு சென்ட்ல ரெண்டு போச்சுன்னா, மிச்சம் மூணுல கெணறு எங்க, கக்கூஸ் எங்க?" பதில் சொல்ல நான் நிலம் எடுக்கும் அதிகாரி இல்லை. ஆனால் கேள்வி என் மனசில் நின்றுவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சில்வர்லைன் திட்டத்துக்கு, 529 கிலோமீட்டர், 200 கிலோமீட்டர் வேகம், மஞ்சள் கல் போட வந்தபோது மக்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்று எனக்குப் புரிந்தது. அங்கேயும் இதே முற்றங்கள்தான்.

வேலியும் அப்படித்தான். 130க்கு மேல் போகவேண்டுமானால் இரண்டு பக்கமும் வேலி வேண்டும், சாலை குறுக்கிடும் ரயில்வே கேட் இருக்கக்கூடாது. சரிதான், உயிர் முக்கியம். ஆனால் பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடுகள் ஒரு பக்கம் என்று இருக்கும் ஊரில் கேட்டை மூடிச் சப்வே தோண்டினால், மழைக்காலத்தில் அது குளமாகிவிடுகிறது. தண்ணீர் வடியும் சானல் எங்கே போகிறது என்று அந்த ஊர் ஆளிடம் முதலில் கேட்டுவிட்டுத் தோண்ட வேண்டும். இது பெரிய தொழில்நுட்பம் அல்ல. கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அதிவேக ரயில் வேண்டாம் என்கிறானா என்று நினைக்க வேண்டாம். வேண்டும். எங்கள் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. சென்னைக்கு நாலு மணி நேரத்தில் போக முடிந்தால் எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஊரை விட்டுப் போகாமல் இருப்பார்கள். ஆனால் அது தனிப் பாதையாக, சரக்கு ஏறாத பாதையாக, ராத்திரி மூடப்படும் பாதையாக வர வேண்டும். அது வரும்வரை நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரையிலான 71 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள், தினமும் தவறாமல் தரட்டும். திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குக் கீமோ எடுக்கப் போகிறவர்கள், ஸ்ரீசித்திராவுக்கு இதயம் பார்க்கப் போகிறவர்கள், மடியில் பைலை வைத்துக்கொண்டு காலை வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு 300 கிலோமீட்டர் வேகம் இன்றைக்குத் தேவையில்லை. ஓ.பி. சீட்டு எடுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

போன மாதம் நானும் அந்த வண்டியில்தான் போனேன். என் மனைவிக்குப் பரிசோதனை. இரணியல் தாண்டி ஒரு வளைவில் வண்டி மெதுவாகப் போனது. வெளியே பார்த்தேன். கேங் ஆட்கள் பதினைந்து பேர் ஜல்லி ஓரத்தில் ஒதுங்கி நின்றார்கள், கையில் கடப்பாரை, ஜல்லியை இடித்து இறுக்கும் பீட்டர். அவர்களில் இரண்டு பெண்கள். ஒரு இளைஞர் கையில் பேப்பரும் ஸ்கேலும் நரம்புச் சுருளும். எங்கள் வண்டி போன பிறகு அவர்களுக்கு பிளாக். கடிகாரத்தைப் பார்த்தேன். நாங்கள் 18 நிமிடம் தாமதம். அந்த 18 நிமிடம் அவர்களுடையது.