முழங்காலை அழுத்தச் சொன்னேன், இடுப்பு அழுத்தியது

பிசியோதெரபி இளநிலை இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பே வந்துவிட்டது. அவ்வளவு எளிது. முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று நாளான ஒருவருக்குத் தொடைத் தசைக்கான ஐசோமெட்ரிக் பயிற்சி சொல்லிக்கொடுக்க வேண்டும். மூட்டு அசையாமல் தசையை மட்டும் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி. நோயாளியாக நடிக்க வந்த வகுப்புத் தோழியைப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, "முழங்காலைக் கீழே அழுத்துங்கள், பத்து எண்ணும்வரை விடாதீர்கள்" என்றேன். துண்டு நன்றாக நசுங்கியது. மனத்துக்குள் முழு மதிப்பெண் போட்டுக்கொண்டேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எழுந்து வந்தார். "அவள் தொடைமேல் கை வைத்துப் பாரம்மா" என்றார். வைத்தேன். தொடை தளர்ந்து கிடந்தது. தோழி புட்டத் தசையையும் பின்தொடையையும் இறுக்கி, மொத்தக் காலையும் இடுப்பிலிருந்து மெத்தையில் அமுக்கிக்கொண்டிருந்தாள். "நீ அழுத்தச் சொன்னாய், அவள் அழுத்தினாள். அவள்மேல் என்ன குற்றம்?" என்றார் அவர். பிறகு அவரே தோழியின் முழங்கால் சில்லின்மேல் இரண்டு விரல்களை வைத்து, "இந்தச் சில்லை இடுப்புப் பக்கம் மேலே இழு" என்றார். சில்லு வழுக்கி மேலே ஏறியது. அதற்கு மேல், உட்பக்கமாக, வாஸ்டஸ் மீடியாலிஸ் என்னும் தொடைத் தசை எலுமிச்சம்பழம் போலத் திரண்டு நின்றது.

மேற்படிப்பில் ஆய்வுத் தலைப்பு கேட்டபோது யோசிக்கவே இல்லை. எந்த ஐசோமெட்ரிக் பயிற்சியில் எந்தத் தொடைத் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத் தசையின் மின்துடிப்பைத் தோல்மேல் ஒட்டி அளக்கும் ஈ.எம்.ஜி. கருவியால் பார்ப்பது. இதே தலைப்பை எடுப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள் என்பதால் நான் சறுக்கிய இடங்களைச் சொல்லிவைக்கிறேன்.

முதலில் உடற்கூறு. முன்தொடைத் தசையான குவாட்ரிசெப்ஸின் நான்கு தலைகளில், அதாவது பகுதிகளில், ரெக்டஸ் பெமோரிஸ் மட்டும் இடுப்பெலும்பிலிருந்து புறப்படுகிறது; மற்ற மூன்றும் தொடையெலும்பிலிருந்தே புறப்படுகின்றன. தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோகும் இந்த ஒரு வரியில்தான் பாதி ஆய்வு அடங்கியிருக்கிறது. காலை நீட்டியபடி தூக்கிப் பிடிக்கும் பயிற்சியில் கால் எழுவது இடுப்பில். அதனால் ரெக்டஸ் அங்கே முன்வரிசையில் நிற்கிறது. சோடர்பெர்க், குக் இருவரும் 1983-இல் இந்தப் பயிற்சியையும் படுத்தபடி தொடையை இறுக்கும் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். காலைத் தூக்கும்போது ரெக்டஸ் அதிகம் வேலை செய்தது. படுத்தபடி தொடையை இறுக்கும்போது வாஸ்டஸ் மீடியாலிஸ் அதிகம் வேலை செய்தது; கூடவே பின்தொடையின் பைசெப்ஸ் பெமோரிஸும். அந்தக் கடைசிப் பெயரைப் படித்தபோது தேர்வு நாள் நினைவுக்கு வந்து காது சூடாகிவிட்டது. வார்டுகளில் இன்றும் தொடைக்கு என்றாலே காலைத் தூக்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம். தூக்குவது தவறில்லை. ஆனால் அது தொடையை இறுக்குவதற்கு மாற்று ஆகாது.

வாய்மொழித் தேர்வில் தவறாமல் வரும் பொறி ஒன்று உண்டு: "முழங்காலை நீட்டும்போது கடைசி 15 பாகை யாருடைய வேலை?" வாஸ்டஸ் மீடியாலிஸ் என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். 1968-இல் லீப், பெர்ரி இருவரும் வெட்டி அகற்றப்பட்ட கால்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் கடைசி 15 பாகைக்கு மொத்தக் குவாட்ரிசெப்ஸும் ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல் விசை கொடுக்க வேண்டியிருந்தது. மீடியாலிஸின் கீழ்ப்பகுதி இழைகளோ தனியாக முழங்காலை நீட்டவே இல்லை. சில்லு வெளிப்பக்கம் நழுவாமல் பிடிப்பதே அவற்றின் வேலை. நீட்டம் குறைந்தால் தசை முழுவதும் தளர்ந்திருக்கிறது என்று பொருள். மீடியாலிஸ் முதலில் மெலிந்ததாகத் தெரிவது, அதன்மேல் உறை மெல்லியதாக இருப்பதால்.

இனி கருவி. எலெக்ட்ரோடு வைக்கும் இடங்களுக்கு தோல்மேல் ஈ.எம்.ஜி. எடுப்பதற்கான ஐரோப்பியர்களின் செனியாம் பரிந்துரையைப் பின்பற்றினேன்: இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கும் இடையே 20 மி.மீ.; ரெக்டஸுக்கு, இடுப்பெலும்பு முன்முனையிலிருந்து சில்லின் மேல்விளிம்புவரை போகும் கோட்டின் நடுப்புள்ளி. தாளில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. முதல் நாள் வந்த பெரியவரின் காலில் எதுவும் ஒட்டவில்லை. முட்டி வலிக்குக் காலையில்தான் தைலம் தேய்த்துவிட்டு வந்திருந்தார். ஸ்பிரிட்டால் மூன்று முறை துடைத்தும் வழுக்கியது. எண்ணெய், தைலம் எதுவும் போடாமல் வாருங்கள் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மின்விசிறி ஓடும் அறையில், பதிவுக்குள் புகுந்துவிடும் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் வேறு. வேர்த்துக்கொண்டே விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம்.

இதெல்லாம் சின்னத் தொல்லைகள். நான் செய்த பெரிய பிழை வேறு. ஒவ்வொருவரும் முழுப் பலத்தோடு முழங்காலை நீட்டி அழுத்தும்போது வரும் அளவை நூறு என்று வைத்து, பயிற்சியில் வரும் அளவை அதன் சதவீதமாகச் சொல்ல வேண்டும். அந்த நூறை ஒரு நாளும் பயிற்சிகளை மறுநாளும் பதிவு செய்தேன். இடையில் எலெக்ட்ரோடுகளைக் கழற்றி மீண்டும் ஒட்டினேன். இடம் சற்று நகர்ந்தால் அளவும் நகரும் என்பதால் ஆறு பேருடைய பதிவு வீணாயிற்று. இன்னொருவருக்கோ சாதாரணப் பயிற்சியே நூறைத் தாண்டியது. இடுப்பை நாற்காலியோடு வார்ப்பட்டையால் கட்டாததால் அவர் முழுப் பலத்தை அழுத்தவே இல்லை. நான் நூறு என்று வைத்தது நூறே இல்லை. ஒரே அமர்வில், எலெக்ட்ரோடைத் தொடாமல், முதலில் நூறு, சற்று ஓய்வு, பிறகு பயிற்சி. முழங்கால் எத்தனை பாகையில் மடங்கியிருந்தது என்பதையும் குறித்துவையுங்கள். 60 பாகையில் அழுத்துவதும் கால் நீட்டிய நிலையில் அழுத்துவதும் தசைக்கு ஒன்றல்ல.

வழிகாட்டி என்னிடம் கேட்ட கேள்விகளில் உறைத்தது இது: "வீங்கிய முழங்காலில் எடுத்தால் என்ன ஆகும்?" ஸ்பென்சரும் உடன் இருந்தவர்களும் 1984-இல் நலமான முழங்காலுக்குள் உப்புநீரை ஏற்றிப் பார்த்தார்கள். 20 முதல் 30 மி.லி. நீரிலேயே வாஸ்டஸ் மீடியாலிஸ் அடங்கத் தொடங்கியது; ரெக்டஸும் வெளிப்பக்கத் தசையும் அடங்க 50 முதல் 60 மி.லி. தேவைப்பட்டது. வலிக்குப் பயந்து இறுக்காமல் இருப்பதல்ல இது. மூட்டிலிருந்து போகும் செய்தி தண்டுவடத்திலேயே தசையைத் தடுத்துவிடுகிறது. பயிற்சிக்காலத்தில் ஒரு அம்மாவின் குறிப்பேட்டில் "ஒத்துழைப்பு போதாது" என்று எழுதியிருக்கிறேன். அவர் முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைத்துவிட்டு அல்லவா நான் தொடையை இறுக்கச் சொல்லியிருக்க வேண்டும்?

தேர்வுக்கு முன் உங்கள் காலிலேயே பழகுங்கள். படிக்கும்போது காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கையைத் தொடையிலும் மறுகையைப் புட்டத்துக்கு அடியிலும் வையுங்கள். தொடைமேல் உள்ள கை மட்டும் எழும்ப வேண்டும். நோயாளிக்கும் அவர் கையையே எடுத்து அவர் தொடையில் வைத்துவிடுங்கள். நாம் பேசுவதைவிட அது விரைவாகப் புரியும்.

மூச்சை அடக்கக் கூடாது, இரத்த அழுத்தம் ஏறும். அதனால் வாய்விட்டு எண்ணச் சொல்ல வேண்டும். என் ஆய்வுக்கு வந்தவர்களில் ஒருவர் நெல் மண்டி வைத்திருந்தவர். "ஐயா, ஒன்றிலிருந்து பத்துவரை சத்தமாக எண்ணுங்கள்" என்றேன். தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "லாபம், இரண்டு, மூன்று..." என்று தொடங்கினார். சில்லு கடைசிவரை கீழே இறங்கவில்லை.