கல்ச்சர் மேசையிலிருந்து: ஜனவரிக் குறிப்புகள்

ஜனவரி 8, திங்கள்

மழை விட்டு வெள்ளம் வடியத் தொடங்கினால், ஆசுபத்திரி ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கிற எங்கள் மேசைக்கு வேலை கூடிவிடும். காலையிலேயே மல மாதிரிப் போத்தல்கள் வரிசையாக வந்துவிட்டன. அதிகமும் தண்ணீராய்ப் போகிற பிள்ளைகள். அதில் பலது வைரசால் வருவது. எவ்வளவு தேடினாலும் அகாரில், கிருமி வளர்க்கிற ஜெல்லியில், முளைக்காது.

ஒரு போத்தல் மட்டும் வேறு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்துப் பிள்ளை, நாலு வயது. வலையிறவுப் பாலத்தால் ஒட்டோவில் கொண்டுவந்து வாட்டில் சேர்த்திருக்கிறார்கள். மலம் என்று சொல்ல அதில் அதிகமில்லை. ஒரு கரண்டியளவு சளி, அதில் நூல் நூலாய் இரத்தம். வாட்டில் ஆளில்லாததால் தாயே போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

"மிஸ், இண்டைக்கே சொல்லுவீங்களா?"

"நாளண்டைக்குத்தான் தங்கச்சி கிருமிட பேரைச் சொல்ல ஏலும். பிள்ளைக்கு மருந்து தொடங்கிட்டாங்களா?"

"இல்ல, இத எடுத்த பிறகுதான் குடுப்பம் எண்டு டொக்டர் சொன்னவர்."

அந்த டொக்டருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். ஜீவனிக் கரைசல் குடிக்கக் குடிக்கக் கூடப் போகிறது, நிப்பாட்டு என்று மாமி சொல்கிறாவாம். நிப்பாட்ட வேண்டாம், போகிற அளவுக்கு மேல் உள்ளே போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். உப்பும் குளுக்கோசும் சேர்ந்து போனால்தான் குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும். வயிற்றோட்டத்தில் பிள்ளையைக் கொல்வது அதிகமும் தண்ணீர் வற்றுவதுதான்.

நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பார்வைப் புலம் முழுக்கச் சீழ்க் கலங்கள், செங்குருதிக் கலங்கள். அமீபா இல்லை. பக்டீரியா குடல் சுவரைத் துளைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. இரத்தம் கலந்த சளியிலிருந்தே லூப் என்ற கம்பி வளையத்தால் எடுத்து மக்கொன்கி, எக்ஸ்.எல்.டி. என்ற இரண்டு அகார்ப் பிளேட்டிலும் கோடிழுத்தேன். சால்மொனெல்லா என்ற இன்னொரு குடல் நோய்க் கிருமி கொஞ்சமாய் இருந்தாலும் பெருக்கி எடுக்கச் செலனைட் திரவத்திலும் கொஞ்சம். இரவு முழுக்க 37 பாகை.

ஜனவரி 9, செவ்வாய்

இன்கியூபேட்டரைத் திறந்ததும் முதலில் அந்தப் பிள்ளையின் பிளேட்டைத்தான் எடுத்தேன். எக்ஸ்.எல்.டி. அகார் சிவப்பு. சாதாரணக் குடல் ஈ.கோலி அதில் சர்க்கரையைப் புளிக்க வைத்துச் சுற்றிலும் மஞ்சளாக்கிவிடும். சால்மொனெல்லா என்றால் சிவப்புக் கொலனியின், அதாவது பொட்டாய் வளர்ந்த கிருமிக் கூட்டத்தின், நடுவில் கறுப்புப் பொட்டு. இதில் மஞ்சள்களுக்கு இடையே சின்னச் சின்னதாய், ஒளி ஊடுருவும் இளஞ்சிவப்புக் கொலனிகள். கறுப்பு இல்லை. மக்கொன்கியில் அதே கிருமி நிறமே இல்லாமல் கிடந்தது. இரத்த வயிற்றுளைவைத் தருகிற ஷிகெல்லா என்று மனம் சொன்னது, ஆனால் மனம் சொல்வதை ரிப்போர்ட்டில் எழுத முடியாது. கொலனியைத் தொட்டு, நிற மாற்றத்தால் கிருமியை அடையாளம் காட்டும் கே.ஐ.ஏ. குழாயிலும் யூரியாவிலும் போட்டேன்.

இந்த எக்ஸ்.எல்.டி.யை 1965இல் உருவாக்கியவர் வெல்டன் டெய்லர் என்ற அமெரிக்கக் கறுப்பின நுண்ணுயிரியலாளர். ஷிகெல்லாவைத் தவறவிடாமல் பிடிக்கத்தான் அவர் அதைச் செய்தார். சிகாகோவில் அவர் கலந்த சிவப்பு அகாரில் இன்று ஒரு படுவான்கரைப் பிள்ளையின் நோய் தெரிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

தாய் போத்தலை உடனே கொண்டுவந்தது பெரிய காரியம். ஷிகெல்லா வெளியே வந்தால் சீக்கிரம் செத்துப்போகும். மலம் வைக்க வைக்கப் புளிக்கும், அந்தப் புளிப்பை அது தாங்காது. இரண்டு மணித்தியாலத்துக்குள் பிளேட்டில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் வழியில் கிருமி சாகாமல் காக்கிற கேரி-பிளெயர் ஊடகத்தில் வைத்து அனுப்ப வேண்டும். காலையில் எடுத்து வாட்டு மேசையில் மத்தியானம் வரை இருந்த போத்தலில் நான் எதைத் தேட?

இன்று இன்னொன்று. அறுபது வயது ஐயா ஒருவரின் மாதிரி. காய்ச்சலும் வயிற்றுளைவும் தொடங்கியதுமே கடையில் கேட்டு வாங்கிய அன்டிபயோட்டிக்கை விழுங்கி, சுகம் வராமல் ஆசுபத்திரிக்கு வந்திருக்கிறார். பிளேட்டில் வழமையான குடல் கிருமிகூடச் சரியாக முளைக்கவில்லை. அவருக்கு வந்தது என்ன என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. குளிசையை எட்டிக் கொடுக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. நோயும் நிற்கவில்லை, தடயமும் போய்விட்டது.

ஜனவரி 10, புதன்

கே.ஐ.ஏ. குழாயின் மேல் சரிவு சிவப்பு, அடி மஞ்சள். வாயு இல்லை, கறுப்பு இல்லை. யூரியா மாறவில்லை. அசைவும் இல்லை. எல்லாம் ஷிகெல்லாவோடு பொருந்துகிறது. கண்ணாடித் துண்டில் ஒரு துளி உப்புத் தண்ணீரில் கொலனியைக் கரைத்து, ஷிகெல்லா பிளெக்ஸ்னெரி என்ற வகையை மட்டும் பிடித்துத் திரிய வைக்கிற எதிர்ச்சீரத்தில் ஒரு துளி விட்டு மெதுவாய் ஆட்டினேன். ஒரு நிமிடம் ஆகவில்லை. பால் திரிவது போலத் திரிந்து மணி மணியாய் நின்றது. பக்கத்தில் வெறும் உப்புத் தண்ணீர்த் துளி அப்படியே கலங்கலாய் இருந்தது. அந்த ஒப்பீடு இல்லாமல் நான் பேர் சொல்வதில்லை.

வாட்டுக்கு போன் எடுத்துச் சொன்னேன். நோயை அறிவிக்கிற எச் 544 படிவம் சந்தேகத்திலேயே போய்விட்டதாம், நல்லது. இரத்தத்தோடு போகிற வயிற்றுளைவு அறிவிக்க வேண்டிய நோய். படிவம் போனால்தான் பி.எச்.ஐ., பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அந்த வீட்டு வாசலுக்குப் போவார்.

கியோஷி ஷிகா ஜப்பானில் 1897இல் இந்தக் குடும்பத்துக் கிருமியை முதலில் கண்டபோது அங்கே கொள்ளைநோயாக வயிற்றுளைவு பரவிக்கொண்டிருந்தது. அவரும் நோயாளியின் மலத்திலிருந்து பிரித்து, நோயாளியின் சீரத்தில் அது திரிகிறதா என்றுதான் பார்த்தார். நூற்றிருபது வருடத்துக்குப் பிறகும் கண்ணாடித் துண்டில் நான் பார்ப்பது அதே திரிதலைத்தான்.

ஜனவரி 11, வியாழன்

மருந்து வட்டுகள் வைத்துக் கிருமியை வளர்த்த அன்டிபயோட்டிக் பிளேட் தயார். சிப்ரோ வட்டுக்குப் பக்கத்திலேயே கிருமி ஒட்டி வளர்ந்திருந்தது, அந்த மருந்து கேட்காது. செப்ரியாக்சோனைச் சுற்றிக் கிருமி வளராத அகலமான வெளி, அசித்ரோமைசினுக்கும் வெளி இருந்தது. பிள்ளைக்குத் தொடங்கியிருந்தது சிப்ரோதான். காய்ச்சல் இறங்காமல் டொக்டரும் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். ரிப்போர்ட் போனதும் மருந்தை மாற்றிவிட்டார். இந்த ஒரு பிளேட்டுக்காகத்தான் இத்தனை பாடு.

ஜனவரி 13, சனி

பி.எச்.ஐ. நேரே ஆய்வுகூடத்துக்கே வந்தார். சேறு பட்ட சப்பாத்தோடு வாசலில் நின்றபடியே கதைத்தார். வளவுக்குள் வெள்ளம் நின்றிருக்கிறது. கட்டில்லாத கிணறு, மலசலகூடக் குழி கிட்டத்திலேயே. கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டுவிட்டார், தண்ணீர் மாதிரியும் எடுத்து அனுப்பியிருக்கிறார். தண்ணீரில் தேடுவது ஷிகெல்லாவை அல்ல, ஈ.கோலியை. அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம், அது போதும்.

ஆனால் கிணற்றை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு இருக்க முடியாது. ஷிகெல்லாவுக்கு நூறு கிருமிக்கும் குறைவாக வாய்க்குள் போனாலே போதும். பிள்ளையைக் கழுவிவிட்ட கை, அந்தக் கையால் ஊட்டிய சோறு, அவ்வளவுதான். சால்மொனெல்லாவுக்கு வழமையாக இதைவிட எவ்வளவோ கூட வேண்டும். ஆகவே வீட்டில் எல்லோரிடமும் மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. கேரி-பிளெயர் குழாய்கள் கொடுத்துவிட்டிருந்தேன். அக்காக்காரி, தாய், அம்மம்மா மூன்று பேருடையதும் வந்தன. அக்காக்காரிக்கு நேற்றிலிருந்து வயிற்றால் போகிறதாம்.

அம்மம்மாவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவ விடிய எழும்பி இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கிறவ. ரிப்போர்ட் வரும்வரை நிறுத்தச் சொல்லியிருக்கிறார் பி.எச்.ஐ. "பொங்கல் நேரத்தில உழைப்பைக் கெடுத்துப்போட்டியே மகன்" என்று அவ அழுதாவாம். அவர் அதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. மற்ற வேலையெல்லாம் தள்ளிவைத்து அந்தக் குழாயைத்தான் முதலில் போட்டேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். எனக்கு டியூட்டி. அக்காக்காரிக்கு அதே ஷிகெல்லா பிளெக்ஸ்னெரி. தாயின் பிளேட்டில் ஒன்றுமில்லை. அம்மம்மாவின் பிளேட்டில் கறுப்புப் பொட்டுக் கொலனி ஒன்று இருந்து நெஞ்சைத் தூக்கிப்போட்டது. யூரியாவில் போட்டேன், பின்னேரமே இளஞ்சிவப்பாய் மாறியது. புரோட்டியஸ். அதுவும் சால்மொனெல்லா போலவே கறுப்புக் காட்டும், ஆனால் குடலில் சும்மா இருப்பது. ஒருநாள் இடைவெளியில் இன்னொரு மாதிரி வேண்டும் என்று பி.எச்.ஐ.க்குச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 17, புதன்

பயிற்சிக்கு வந்திருக்கிற பிள்ளை கேட்டாள்: "மிஸ், பி.சி.ஆர். பனல் இருந்தா ஒரு மணித்தியாலத்தில இருபத்திரண்டு கிருமியையும் வைரசையும் பாக்கலாமாம். நாம ஏன் மூணு நாள்?"

நல்ல கேள்வி. வைரசு எது, கம்பைலோபக்டர் எது என்று உடனே சொல்லும் கருவி வேண்டாம் என்று நான் ஏன் சொல்லப்போகிறேன்? விலைதான் எட்டாது. ஆனால் அது கிருமியின் மரபணுவைக் காட்டும், உயிரோடு கிருமியைக் கையில் தராது. சிப்ரோ வேலை செய்யாது என்று வியாழக்கிழமை சொன்னது உயிரோடு வளர்ந்த கொலனிதான். ஷிகெல்லாவையும் குடல் சுவரைத் துளைக்கிற ஒரு வகை ஈ.கோலியையும் அந்தப் பனலால் பிரிக்கவும் முடியாது. கருவி வந்தாலும் பிளேட்டை விட்டுவிட வேண்டாம் என்றேன்.

அவளுக்கு இன்னொன்றையும் காட்டினேன். "சால்மொனெல்லா, ஷிகெல்லா காணப்படவில்லை" என்று நாங்கள் எழுதும் வரி. கிருமியே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. தேடியதைக் காணவில்லை என்றுதான் அர்த்தம். கோழியால் வருகிற கம்பைலோபக்டரைத் தேட 42 பாகை, குறைந்த ஒட்சிசன், இரண்டு நாள் பொறுமை வேண்டும். சாதாரண பிளேட்டில் அது வராது. 1977இல் இங்கிலாந்தில் மார்ட்டின் ஸ்கிரோ அதற்கென்று ஊடகம் செய்து தேடிய பிறகுதான் அது எவ்வளவு சாதாரணமான வயிற்றோட்டக் காரணம் என்று உலகத்துக்கே தெரிந்தது. கோலராவும் அப்படித்தான்: சந்தேகம் என்று துண்டில் எழுதினால்தான் அதைத் தேடுவதற்கான கார பெப்டோன் தண்ணீரிலும் டி.சி.பி.எஸ். அகாரிலும் போடுவோம். ஆகவே வாட்டிலிருந்து வரும் துண்டில் வயிற்றோட்டத்துக்கு "வ.ஓ." என்று இரண்டெழுத்து எழுதினால் போதாது. எத்தனை நாள், இரத்தமா தண்ணீரா, என்ன சாப்பிட்டார், என்ன மருந்து எடுத்தார், இவ்வளவும் எனக்கு வேண்டும்.

ஜனவரி 19, வெள்ளி

அம்மம்மாவின் இரண்டாவது மாதிரியிலும் ஒன்றுமில்லை. பி.எச்.ஐ.க்கு போன் எடுத்துச் சொன்னேன். நாளை விடிய மா குழைக்கலாம் என்று தானே போய்ச் சொல்வதாகச் சொன்னார், கொதித்தாறிய தண்ணீரில்தான் குழைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அக்காக்காரிக்கு மருந்து முடிந்து இரண்டு நாள் கழித்துத் திரும்ப மாதிரி எடுக்க வேண்டும், அதற்குக் குழாய் கொடுத்துவிட்டேன். பக்கத்து வளவிலும் ஒரு பிள்ளைக்குச் சளியாய்ப் போகிறதாம். குளிசை ஒன்றும் வாங்கிக் கொடுத்துவிடாமல் நேரே கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். எக்ஸ்.எல்.டி. தூள் அரைப் போத்தல்தான் மிச்சம், திங்கள் ஸ்டோருக்கு எழுத வேண்டும்.