மாட்டுக்குப் போகும் சோளம்

"இதை மனிதர்கள் சாப்பிடுவார்களா?" என்று பக்கத்துப் பண்ணை அம்மா கேட்டபோது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய அவருக்கு அது உண்மையான வியப்பு. செப்டம்பர் கடைசி. அவர்கள் வீட்டு வேலிக்கு அப்பால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை செஞ்சோளம் முற்றி நின்றது. நான் ஒரு கதிரை ஒடித்து, உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தின் மேற்கு விளிம்பில், கொலராடோ எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிரீலி கவுன்டி. கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. நியூயார்க் டிரிபியூன் பத்திரிகையை நடத்திய ஹோரஸ் கிரீலியின் பெயரைக் கவுன்டிக்கு வைத்து, பத்திரிகையின் பெயரைத் தலைமை ஊருக்கு வைத்து, மிச்சமிருந்த ஹோரஸை அடுத்த குட்டி ஊருக்கு வைத்துவிட்டார்கள். 2020 கணக்கெடுப்பின்படி டிரிபியூனில் 772 பேர். கவுன்டி முழுவதும் சேர்த்து 1,284 பேர். கன்சாஸின் 105 கவுன்டிகளில் மிகக் குறைந்த மக்கள்தொகை இதுதான். எங்கள் பக்கத்தில் ஒரு வசதியான வீட்டுக் காதுகுத்துக்கே இவ்வளவு பேர் கூடிவிடுவார்கள். இங்கே அத்தனை பேரும் 778 சதுர மைல் நிலத்தில் பரந்து கிடக்கிறார்கள்.

என் கணவர் மருத்துவர். ஜே-1 என்ற பயிற்சி விசாவில் வந்து மேற்படிப்பு முடித்தவர்கள் ஊர் திரும்பாமல் இங்கேயே வேலை பார்க்க ஒரு வழி உண்டு: மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் 3 ஆண்டு பணியாற்ற வேண்டும். கான்ராட் 30 என்பார்கள். ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர். அப்படித்தான் இந்தச் சமவெளிக்கு வந்து சேர்ந்தோம். அவர் வேலை பார்ப்பது கிழக்கே உள்ள அடுத்த கவுன்டியில். அங்கே கடிகாரம் எங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, ஏனென்றால் கன்சாஸில் நான்கே நான்கு கவுன்டிகள் மவுன்டன் டைம் எனப்படும் மலை நேரத்தைப் பின்பற்றுகின்றன. அதில் எங்களுடையது ஒன்று. சமையலறையில் இரண்டு கடிகாரங்கள் மாட்டியிருக்கிறேன். ஒன்றைப் பார்த்து அவருக்குச் சாப்பாடு, மற்றதைப் பார்த்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். மூன்றாவது நேரம் மனதுக்குள் ஓடுகிறது: இப்போது அப்பா காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

எல்லாம் பழகிவிட்டது. பருப்பும் புளியும் வாங்க கார்டன் சிட்டிக்கு ஒன்றரை மணி நேரம் ஓட்டுவது பழகிவிட்டது. எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொல்வதும், நான் பதிலுக்கு உயர்த்துவதும்கூட. சோளம் மட்டும் பழகவில்லை. கதிர் சிவக்கத் தொடங்கினால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

இங்கே செடி இடுப்பளவுதான் வளர்கிறது. அறுவடை இயந்திரத்துக்கு வசதியாகக் குட்டையாக்கிய ரகம். எங்கள் சோளமோ ஆளை மறைக்கும். உள்ளே புகுந்து ஒளிந்துகொண்டால் அம்மா கத்திக் கத்தி ஓய்ந்துபோவாள். கதிரைக் கொய்த பிறகு தட்டையை அறுத்துப் படப்பு போடுவோம். மாட்டுக்குத் தட்டை, நமக்குத் தானியம் என்று அப்போதே பாகம் பிரித்தாயிற்று. இங்கே தட்டையைக் காட்டிலேயே நிற்க விடுகிறார்கள். குளிர்காலத்தில் அது பனியைப் பிடித்துவைத்து மண்ணுக்கு ஈரம் தருகிறது. ஆண்டு மழை 17, 18 அங்குலம்தான், ஒவ்வொரு துளிக்கும் கணக்கு உண்டு. கோதுமை, அதன்பின் சோளம், அதன்பின் நிலத்தைச் சும்மா போடுவது என்று மூன்று ஆண்டில் இரண்டு வெள்ளாமை. வானம் பார்த்த பூமிக்காரி எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவின் சோளத்தில் ஏறக்குறைய பாதி கன்சாஸில்தான் விளைகிறது. அது மாட்டுப் பட்டிகளுக்கும் எத்தனால் ஆலைகளுக்கும் கப்பலுக்கும் போகிறது. 2018 ஏப்ரலில் அமெரிக்கச் சோளத்தை இறக்குமதி செய்கிறவர்கள் அதன் மதிப்பில் 178.6 சதவீதம் வைப்புத்தொகை கட்ட வேண்டும் என்று சீனா அறிவித்ததை, பக்கத்துப் பண்ணைப் பெரியவர் நேற்று நடந்ததுபோல் சொன்னார். ஒரே மாதத்தில் அதை விலக்கிக்கொண்டார்கள். அந்த ஒரு மாதம் தான் பட்ட பாட்டைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் ஒரு மூட்டை சோளத்தை என் வண்டியில் ஏற்றினார். பணம் வாங்க மறுத்துவிட்டார். புடைத்து, கல் பொறுக்கி, உளுந்தோடு ஊறவைத்து அரைத்து, தோசை வார்த்து எடுத்துக்கொண்டு போனேன். வாழ்நாள் முழுக்கச் சோளம் விதைத்த அந்த மனிதர், தன் காட்டுச் சோளத்தை முதல்முறையாகச் சாப்பிட்டார். நான்கு தோசை! தேங்காய்ச் சட்னியை மட்டும் தொடவில்லை. அந்த அம்மா மாவைக் கரண்டியால் கிண்டிப் பார்த்து, "எங்கள் பிள்ளைகளும் இதைச் சாப்பிட்டிருக்கலாம்" என்றார். மூன்று பேரும் டென்வரிலும் விசிட்டாவிலும் இருக்கிறார்கள்.

இரவு அப்பாவிடம் சொன்னேன். "அங்கேயும் சோளமா தாயி? இங்கே யார் போடுகிறார்கள்?" என்றார். உண்மைதான். 2008-இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011-இல் இலவசமாயிற்று. சோளச்சோறு தட்டிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தேவிட்டது. பசியாற்றிய அரிசியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் நெல்லுச்சோறு கண்ட அப்பத்தாவின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். இப்போது எங்கள் காடுகளில் மக்காச்சோளம் நிற்கிறது, கோழித் தீவனத்துக்கு. மிச்சத்தில் சீமைக்கருவேலம்.

ஆட்கள் போன கதையும் ஒன்றுதான். இங்கே, 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி குடியேறியவர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் கிடைத்தது. இந்த வறண்ட மண்ணில் அது ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை. 1930-களில் புழுதிப் புயல் அடித்தது. பிறகு இயந்திரங்கள் பெருத்தன. ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரு குடும்பமே உழுது அறுக்க முடிந்தது. பண்ணை வளர வளர ஊர் சுருங்கியது. 1960-இல் 2,087 பேர் இருந்த கவுன்டி, 2010-இல் 1,247 ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அமெரிக்கக் கால்பந்துக்கு 11 பிள்ளைகள் சேர்வது கடினம் என்பதால், இந்தப் பக்கத்துச் சிறு ஊர்களில் எட்டுப் பேரை வைத்து ஆடுகிறார்கள்; ஆறு பேரை வைத்துக்கூட. விளக்கு வெளிச்சத்தில் ஊரே கூடிக் கத்துகிறது. அந்தச் சத்தத்துக்குள் நிற்கும்போது எங்கள் ஊர்ப் பொங்கல் கபடி நினைவுக்கு வரும். இரண்டு தெரு அணிகளுக்கு ஆள் சேராமல், கடைசியாக நான் பார்த்த ஆண்டில் அதையும் நிறுத்தியிருந்தார்கள்.

2020-இல் மட்டும் இங்கே எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருக்கிறது: 37 பேர் கூடுதல். ஊரார் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிச்சி தெரியும். கடையில் நிற்கும்போது என் பிள்ளைகளின் தலையைத் தொட்டுப் பேசுகிறவர்கள் எதை எண்ணிப் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது.

மூன்று ஆண்டு நிபந்தனை முடியப்போகிறது. கணவருக்கு டாலஸ் போக வேண்டும். அங்கே கோவில் உண்டு, தமிழ்ப் பள்ளி உண்டு, முருங்கைக்காய் உண்டு. அவர் சொல்வதில் தவறில்லை. நாங்கள் நான்கு பேர் கிளம்பினால் இரண்டு வகுப்புகளில் ஒவ்வொரு நாற்காலி காலியாகும், ஒரு வீடு பூட்டிக் கிடக்கும். விளாத்திகுளத்து பஸ்ஸில் நான் ஏறியபோது இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏறுகிற எல்லோரையும் கைதட்டித்தான் வழியனுப்பினார்கள். இன்னும் ஓர் ஆண்டாவது இருக்கலாம் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. பண்ணைப் பெரியவர் வீட்டில் இந்தப் பேச்சை நாங்கள் எடுப்பதே இல்லை. அவர் அடுத்த அறுவடைக்கு எங்களுக்கு எத்தனை மூட்டை வேண்டும் என்று கேட்டிருக்கிறார், நான் இரண்டு என்று சொல்லிவிட்டேன்.