வயரில் தொலைந்த வோல்ட்

தெலுக் பகாங்கில் மாமாவின் பழைய வேன்வீட்டு எஞ்சினை ஓடவிட்டு மீட்டரை வைத்தபோது, எஞ்சின் பேட்டரியில் 14.1 வோல்ட்டும், படுக்கைக்கு அடியில், விளக்கு, விசிறிக்கென வைத்திருந்தும் நிறையவே மறுக்கும் வீட்டுப் பேட்டரியில் 13.2 வோல்ட்டும் காட்டின.

"இன்னொரு பேட்டரி போட்டால் சரியாகிவிடும், தம்பி" என்றார் மாமா.

இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வயர், வண்டியின் நீளம் முழுவதும் ஓடி, களிம்பேறிய முனையில் முடிந்திருந்தது. குறைந்த வோல்ட் அதில்தான் தொலைந்திருந்தது.

ஈய அமில பேட்டரி நிறைவதற்கு ஏறத்தாழ 14.1 முதல் 14.4 வோல்ட் வரை வேண்டும். அது கிடைக்காவிட்டால், ஈப்போ வரை ஓட்டிச் சென்றாலும் பேட்டரி அரைகுறையாகவே நிற்கும், தட்டுகளில் சல்பேட் படிந்து இறுகும். பழையதோடு புதியதை இணைத்தால், பழையது புதியதையும் சேர்த்துக் கெடுக்கும்.

லித்தியம் பேட்டரி போடச் சொல்பவர்களும் உண்டு (சொல்வது எளிது, விலைதான் எளிதல்ல). அது இழுக்கும் மின்சாரத்தில் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் பழைய ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடலாம் என்பதால், நடுவில் மின்சாரத்தை அளவோடு எடுத்துத் தரும் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

எத்தனை ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவு) சேமிக்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம்; அதை எதைக் கொண்டு, எத்தனை மணி நேரத்தில் நிரப்புவது என்று கேட்பவர் குறைவு.

முதலில் தடித்த செம்பு வயர் வாங்குவதென்று முடிவாயிற்று. மிஞ்சும் பணத்தில், பினாங்கு வெயிலை நம்பி, கூரைக்கு ஒரு சூரியத் தகடு.