அரிட்டாபட்டி: எல்லைக்கு உள்ளே கூடு, வெளியே இரை

பிப்ரவரி 7, 2025, வெள்ளி

மதுரையிலிருந்து மேலூர் சாலையில் போய் நரசிங்கம்பட்டி விலக்கில் இடதுபக்கம் திரும்பினால் அரிட்டாபட்டி, பாறைகளில் வல்லூறும் கழுகும் கூடு கட்டும் ஊர். மொத்தம் 25 கிலோமீட்டர். வெளிச்சம் வரும்போது மலையடியில் இருக்க வேண்டும். பத்து மணிக்கெல்லாம் பாறை சுடத் தொடங்கிவிடும். பறவைகளும் உயரே போய்விடும். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், 8x42 இருநோக்கி, பிடிமானமுள்ள செருப்பு போதும். டிரோன் கூடவே கூடாது. கழுகு அதை எதிரியாக நினைத்துக் கூட்டை விட்டு எழுந்து துரத்தும்.

பிப்ரவரி 8, சனி

லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றுக்கும் இது குஞ்சு பொரிக்கும் காலம். செங்குத்துப் பாறையில் சுண்ணாம்பு வழிந்ததுபோல் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது எச்சம். பறவை அமரும் விளிம்பு அதற்கு நேர் மேலே இருக்கும். ஷாகீனுக்குத் தலை கறுப்பு, வயிறு செம்பழுப்பு. லகருக்கு உச்சந்தலை மட்டும் செம்பழுப்பு, கண்ணுக்குக் கீழே மெல்லிய மீசைக்கோடு, வெளிறிய மார்பு. பறக்கும் விதத்திலும் வேறுபாடு தெரியும். ஷாகீன் உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாயும். லகர் வயல்வெளியில் தாழப் பறந்து ஓணான், எலி, சிறு பறவைகளை விரட்டும்.

பறவை தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் அங்கே நிற்காதீர்கள், பின்வாங்குங்கள். தாய் எழுந்து போனால் முட்டைக்கு நிழல் இல்லை. வெயில் நேரே விழும் பாறை விளிம்பில் கரு நெடுநேரம் தாங்காது. படம் எடுக்க வருபவர்கள் அதிகம் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சமணத் துறவிகளின் கற்படுக்கை உள்ள குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். பாறையில் வழியும் மழைநீர் உள்ளே வராமல் அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும். சுமார் 2,200 ஆண்டு பழைய தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தும் அங்கே உண்டு. தெரியவில்லையே என்று சுண்ணக்கட்டியால் தேய்ப்பவர்களைத் தடுங்கள். எழுத்தின் ஓரம் மழுங்கிப்போகும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே நிழல் விழுந்து எழுத்து துலங்கும். கழிஞ்சமலைக் குடைவரையில், சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மிக அரிது.

இந்த ஊரின் உயிர் தண்ணீர். ஏழு குன்றுகள், 200 சுனைகள், 72 நீர்நிலைகள் என்று அரசுக் குறிப்பு சொல்கிறது. மொட்டைப் பாறை மழையைக் குடிக்காது. வழித்து விடும் நீரில் ஒரு பங்கு வெடிப்புகளில் இறங்கிச் சுனையாகக் கசியும், மீதி ஓடைவழியே கண்மாய்க்குப் போகும். வெடி வைத்து அந்த வெடிப்புகளின் போக்கு மாறினால் சுனை வறண்டுவிடலாம். அப்படி வறண்டால் அதைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது.

பிப்ரவரி 10, திங்கள்

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது 193 ஹெக்டேர், அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்த்து. 2024 நவம்பர் 7-இல் ஏல முடிவு வெளியான நாயக்கர்பட்டி டங்ஸ்டன் (கடினமான ஓர் உலோகம்) சுரங்கத் தொகுதியோ 2,015 ஹெக்டேர். உலகின் பெரும்பாலான டங்ஸ்டன் சுரங்கங்களில் நூறு டன் பாறையை மாவாக்கினாலும் ஒரு டன்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் கழிவுக் குழம்பாக எங்கேயாவது அணைகட்டித் தேக்கப்படும். கண்மாய்கள் ஒன்றுக்கொன்று நீர் விடும் இந்த ஊர்களில் அதற்கு ஏது இடம்?

டிசம்பர் 9-இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அதே மாதக் கடைசியில், பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கிவிட்டு எல்லையை மறுபடி வரையலாமா என்று ஒன்றிய அரசு யோசித்தது. ஊர்க்காரர்கள் ஒப்பவில்லை, ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை நடந்தார்கள். 23-இல் ஏலம் ரத்தானது. ஒப்பாதது மிகச் சரி. அந்த 193 ஹெக்டேருக்குள் இருப்பது கூடுதான். லகர் இரை பிடிக்கும் மேய்ச்சல் தரையும் மானாவாரிக் காடும் கோட்டுக்கு வெளியே கிடக்கின்றன. வெளியே குழி தோண்டினால் கூடு மட்டும் எப்படி மிஞ்சும்?

ஆகவே போகிறவர்கள் கூட்டின் இடத்தை இணையத்தில் எழுத வேண்டாம். வல்லூறு இரை பிடித்த இடத்தை மட்டும் ஊர், கண்மாய்ப் பெயர், தேதி, நேரம், பிடித்த இரை என்று குறித்து வையுங்கள். நாளை யாராவது மறுபடி எல்லை வரைய வந்தால் அந்தக் குறிப்புதான் கையில் இருக்க வேண்டும்.